இருபது கோப்பை, ஒரு நாக்கு

எல்ராய் டுகெட் அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தபோது, கஸ் ட்ராம்ப்ளிக்குத்தான் வாயெல்லாம் உப்புக் கரித்தது.

அதில் நான்கு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கியவன் அவன்தானே!

எல்ராயின் முகத்தில் ஒரு சுருக்கம் கூடப் புதிதாக விழவில்லை. இருக்கிற சுருக்கங்களே அறுபத்தெட்டு வயதுக்கு ஏராளம். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"சூடா இருந்துச்சு தம்பி. இப்பல்லாம் எனக்கு அது போதும்."

கஸ் அசடு வழியச் சிரித்துவிட்டு வெளியே ஓடினான்.

லார்ச் ஹில் மேப்பிள் கூட்டுறவுச் சங்கத்தின் சரக்கு மேடையில், வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறக் குல்லாயோடு உட்கார்ந்து காலணியில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள் வின்னி ஸ்டானர்ட். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள். மாணவர்கள் சொல்லும் பொய்கள் சுவாரசியமாக இல்லை என்று வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவள்.

"பாஸ், கேஸ் முடிஞ்சது. மனுஷன் கடல் தண்ணியை மடமடன்னு குடிச்சிட்டு சூடா இருக்குன்னு சொல்றாரு. அவருக்கு நாக்கு செத்தே போச்சு. மலர்வளையம் வாங்கிட்டு வரட்டுமா?"

"காப்பியை அவர் கையில குடுக்கறப்ப உன் முகம் எப்படி இருந்துச்சு?"

"என் முகத்துக்கு என்ன?"

"விளம்பரப் பலகை மாதிரி இருக்கும். 'இதுல உப்பு இருக்கு'ன்னு கொட்டை எழுத்துல. தயாராயிட்டவன் ஒரு கோப்பையை முகம் சுளிக்காம முழுங்கிடுவான் கஸ். அது நாக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. சரி, இப்ப நாம எங்க நிக்கிறோம்னு சொல்லு."

"சேத்துல."

"கேஸ்ல!"

"அதுவும் சேறுதான் பாஸ்."

உண்மையில் சேறுதான். மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகுதான் அந்த ஊருக்குப் பிழைப்பு. லோர்னா பெல்வில் என்ற பெண்மணியின் மேப்பிள் தோப்பிலிருந்து இந்தச் சங்கத்துக்கு வந்து, இங்கிருந்து பாஸ்டன் வியாபாரி ஒருவருக்குப் போன டிரம்களில் பாதிக்குப் பாதி வெள்ளைச் சர்க்கரைப் பாகு கலந்திருந்தது. பரிசோதனைச் சாலை அடித்துச் சொல்லிவிட்டது. டிரம்மில் லோர்னாவின் பெயர்ச் சீட்டு இருந்ததால் பழி நேராக அவள் தலையில் விழுந்தது. இன்று பகல் விவசாயிகள் கூடும் கிரேன்ஜ் கூடத்தில் உறுப்பினர்கள் கூடி அவளைச் சங்கத்திலிருந்து நீக்கப் போகிறார்கள். கலப்படக்காரி என்று பெயர் வாங்கியவளின் பாகை வெர்மான்ட் மாநிலத்தில் ஒருவர்கூடத் தொடமாட்டார்கள். அவள் தாத்தா நட்ட மரங்கள் விறகாகத்தான் போகும்.

லோர்னா தன் பங்குக்கு வின்னியைப் பிடித்தாள். "நான் கலக்கலை. யார் கலந்தாங்கன்னு கண்டுபிடிங்க" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டணத்தைப் பாகாகவே தருவதாகச் சொல்லியிருந்தாள். கஸ் அன்றே தோசைக்கல்லைத் துடைத்து வைத்துவிட்டான், காலையும் மாலையும் பான்கேக்தான் என்று.

இந்த வழக்கில் ஒரே ஒரு சாட்சி எல்ராய்தான். சங்கத்துக்கு வரும் ஒவ்வொரு டிரம்மையும் திறந்து ருசி பார்த்துத் தரம் சொல்லும் நாக்கு அவருடையது. லோர்னாவின் டிரம்களையும் அவர்தான் ருசி பார்த்து உள்ளே விட்டார். போன கூட்டத்தில் தலைவர் ஹாலிஸ் பெக் எழுந்து, "எல்ராய், டிரம் வந்தப்ப பாகு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

எல்ராய் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதிலில் கூடமே அதிர்ந்துபோயிருந்தது.

"தெரியாது. குளிர்காலத்துல காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. வேலை போயிடும்னு மறைச்சிட்டேன். நிறத்தைப் பார்த்துத்தான் தரம் போட்டேன்."

அவ்வளவுதான். டிரம் உள்ளே வந்தபோது சுத்தமாக இருந்தது என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்றாள் வின்னி.

"நாக்கு அவரோடது, அவர் சொல்றதைத்தான் நான் எழுத முடியும்ங்கறாரு. இதைச் சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு, கிளிப்பிள்ளை போதாதா?"

வின்னி குச்சியை எறிந்துவிட்டு எழுந்தாள். "வண்டியில பின் சீட்டுல ஒரு பெட்டி இருக்கு. பதவிசா எடுத்துட்டு வா. கண்ணாடி."

*

ருசி பார்க்கும் அறையில் நீண்ட மேசை. அதன்மேல் வின்னி நான்கு பீங்கான் தட்டுகளை வரிசையாக வைத்தாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரே மாதிரியான இருபது நீலக் கண்ணாடிக் கோப்பைகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பாகு.

எல்ராய் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் சாய்ந்து நின்றவன் சங்கத்தின் மேலாளர் கிளிஃபோர்ட் ஹேசன். மடிப்புக் கலையாத கட்டம்போட்ட சட்டை. பனி உருகும் சேற்றுக் காலத்தில்கூடக் காலணியில் சேறு ஒட்டாத மனிதன். எல்ராயின் ஒரே மகள் நோரீனைக் கட்டியவன்.

"செஞ்சு காட்டிடுங்க மாமா" என்றான் கிளிஃபோர்ட். "சந்தேகப்படறவங்க பட்டுட்டுப் போகட்டும். நமக்கு மடியில கனம் இல்லை."

"ரொம்பச் சுலபம்" என்றாள் வின்னி. "இந்தக் கோப்பைகள்ல நாலு வகை இருக்கு. ஒண்ணு வெறும் வெள்ளைச் சர்க்கரைப் பாகு. அடுத்தது கொஞ்சம் மேப்பிள். அதுக்கடுத்தது நிறைய மேப்பிள். கடைசி முழுக்க முழுக்க மேப்பிள். வகைக்கு அஞ்சு. எல்லாமே ஒரே இனிப்பு, ஒரே கெட்டி. உங்க கண்ணைக் கட்டிடுவேன். கஸ் ஒவ்வொரு கரண்டியா ஊட்டுவான். எந்தத் தட்டுன்னு நீங்க சொல்லணும். மேப்பிளே இல்லைன்னா முதல் தட்டு. முழு மேப்பிள்னா நாலாவது. நடுவுல ரெண்டும் நடுவுல."

"எனக்குத்தான் ருசி தெரியாதேம்மா. எப்படிச் சொல்றது?"

"மனசுக்குத் தோணினதைச் சொல்லுங்க. ஆனா கடைசியில ஒவ்வொரு தட்டுலயும் அஞ்சு கோப்பை இருக்கணும். 'தெரியாது, எல்லாத்தையும் முதல் தட்டுல வை'ன்னு தப்பிச்சுக்க முடியாது."

எல்ராய் தலையசைத்தார். கஸ் தன் கம்பளிக் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் கண்ணைச் சுற்றிக் கட்டினான்.

"எந்தக் கோப்பையில என்னன்னு எனக்காவது சொல்லுங்க பாஸ்" என்று காதோரம் கிசுகிசுத்தான்.

"அடியில வெள்ளைப் புள்ளி வெச்சிருக்கேன். புள்ளி இல்லைன்னா சர்க்கரை. மூணு புள்ளின்னா முழு மேப்பிள். கவுத்துப் பார்த்தே, வேலை போயிடும்."

"என்னை ஏன் நம்ப மாட்டேங்கறீங்க?"

"உன்னை நம்பறேன். உன் முகத்தைத்தான் நம்பலை. கை நடுங்கினாக்கூட அவருக்குச் சேதி போயிடும்."

கஸ் ஊட்டத் தொடங்கினான். ஒரு கரண்டி பாகு, ஒரு வாய் தண்ணீர், ஒரு துண்டு வெள்ளரி ஊறுகாய், உப்பு பிஸ்கட். மறுபடி ஒரு கரண்டி.

"ஆ காட்டுங்க. சமர்த்து. என் அக்கா பையன்கூட இவ்வளவு ஒழுங்காச் சாப்பிட மாட்டான்."

"நாலாவது தட்டு" என்றார் எல்ராய்.

அடுத்தது. "ரெண்டாவது."

அடுத்ததை நாக்கில் வைத்ததும் அவர் தாடை ஒரு கணம் நின்றது. விழுங்கினார். "முதல் தட்டு."

இப்படியே போயிற்று. சில கோப்பைகளுக்குச் சட்டென்று பதில் வந்தது. சிலவற்றுக்கு இன்னொரு கரண்டி கேட்டார். இருபதாவது முடிந்தபோது நான்கு தட்டுகளிலும் ஐந்து ஐந்தாகக் கோப்பைகள் நின்றன.

"இப்பக் கவுக்கலாம்" என்றாள் வின்னி.

கஸ் ஆவலோடு நாலாவது தட்டிலிருந்து ஆரம்பித்தான். முழு மேப்பிள் என்று எல்ராய் சொன்ன தட்டு. முதல் கோப்பையின் அடியில் புள்ளியே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது, நான்காவது, அதே கதை. ஐந்தாவதில் ஒற்றைப் புள்ளி.

"அடக் கடவுளே! நாலு கோப்பை வெறும் சர்க்கரை. அதைப் போய் முழு மேப்பிள்ங்கறாரு!"

மேப்பிளே இல்லை என்று சொன்ன முதல் தட்டைக் கவிழ்த்தான். நான்கு கோப்பைகளில் மும்மூன்று புள்ளிகள். ஒன்றில் இரண்டு. நடுத் தட்டுகளையும் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இருபதுக்கு ரெண்டுதான் பாஸ் சரி. நான் பள்ளிக்கூடத்துல வாங்கினதே இதைவிட அதிகம்!"

கிளிஃபோர்ட் சுவரை விட்டு நகர்ந்து வந்து கைகளைத் தட்டிக்கொண்டான். "இன்னும் என்ன வேணும்? சுத்தமான மேப்பிள் எது, சர்க்கரை எதுன்னுகூடத் தெரியலை. பாவம், மாமா பொய் சொல்லலை. நீங்களே நிரூபிச்சிட்டீங்க. நான் போய்க் கூட்டத்துல சொல்லிடறேன்."

"போய்ச் சொல்லுங்க" என்றாள் வின்னி இனிமையாக. "அப்படியே எங்களுக்கும் நாற்காலி பிடிச்சு வையுங்க. வந்துடறோம்."

அவன் காலணிச் சத்தம் படிகளில் இறங்கி மறைந்தது. கஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

"போச்சு. லோர்னாவை நாமளே குழியில தள்ளிட்டோம். இதுக்கு உப்புக் காப்பியே தேவலை."

வின்னி, கவிழ்த்த கோப்பைகளின் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஓரமாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அந்தச் சிரிப்பைக் கஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும். யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

"கஸ், சும்மா கைக்கு வந்த தட்டுல வெச்சுக்கிட்டே போனா இருபதுல எத்தனை சரியா விழும்?"

"நாலுக்கு ஒண்ணுன்னா... அஞ்சு?"

"இவருக்கு ரெண்டு."

"கெட்ட நேரம்."

"இருக்கலாம். ரெண்டு, அஞ்சுங்கறதை மட்டும் வெச்சு யாரையும் தூக்கில போடக் கூடாது. ஆனா 'சரி, தப்பு'ன்னு மட்டும் பார்த்தா பாதி சேதியைத் தூக்கி எறிஞ்சிடறோம். இந்தத் தட்டுகளுக்கு ஒரு வரிசை இருக்கு. புள்ளிகளுக்கும் ஒரு வரிசை இருக்கு. ரெண்டு வரிசையும் கைகோத்துப் போகுதா, முட்டிக்குதா, இல்லை ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையா? அதைத்தான் கேக்கணும். ரெண்டு கோப்பையை எடு. எது வேணா."

கஸ் ஒன்றை மூன்றாவது தட்டிலிருந்தும் ஒன்றை இரண்டாவதிலிருந்தும் எடுத்தான்.

"எதுல புள்ளி அதிகம்?"

"ரெண்டாவது தட்டுல இருந்ததுல. இதுல ரெண்டு, அதுல ஒண்ணு."

"அப்ப மேப்பிள் அதிகமா இருக்கற கோப்பையைச் சின்ன நம்பர் தட்டுல வெச்சிருக்காரு. தலைகீழ் ஜோடி. மேப்பிள் அதிகமானது பெரிய நம்பர் தட்டுல இருந்தா நேர் ஜோடி. புள்ளி சமம்னாலோ ஒரே தட்டுன்னாலோ அந்த ஜோடியை விட்டுடலாம், அது வாயைத் திறக்காது. ருசியே தெரியாத ஆளு வெச்சிருந்தா நேரும் தலைகீழும் எப்படி இருக்கும்?"

"ஏறக்குறைய சமமா."

"சபாஷ். எண்ணு. நேர் ஜோடிக்கு ஒரு பிஸ்கட், தலைகீழுக்கு ஒரு பல்குச்சி."

"எல்லா ஜோடியுமா? மதியச் சாப்பாடு?"

"பிஸ்கட்ல கை வைக்காதே."

வின்னி ஜோடி ஜோடியாகச் சொல்லச் சொல்ல, கஸ் எடுத்து வைத்தான். எல்ராய் கண்கட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "அவுத்துவிடட்டுமா?" என்று கஸ் கேட்டதற்கு, "இருக்கட்டும் தம்பி" என்றார். குரலில் பழைய திடம் இல்லை.

பல்குச்சி டப்பா காலியாகி இன்னொரு டப்பா திறக்க வேண்டியிருந்தது. எண்ணி முடித்தபோது மேசையில் ஒரு பக்கம் பல்குச்சிகள் வைக்கோல் போர் மாதிரி குவிந்து கிடந்தன. இன்னொரு பக்கம் பிஸ்கட்டுகள்.

மூன்றே மூன்று பிஸ்கட்டுகள்.

"சத்தியமா நான் ஒண்ணுகூடத் தின்னலை பாஸ்!"

"தெரியும். நேர் மூணு. தலைகீழ் நூத்து இருபத்தஞ்சு. நேரிலேருந்து தலைகீழைக் கழிச்சு, ரெண்டையும் கூட்டி வர்றதால வகுத்தா ஒரு எண் வரும். பேரு காமா. ரெண்டு வரிசையும் முழுசாக் கைகோத்தா ப்ளஸ் ஒண்ணு. முழுசா முட்டிக்கிட்டா மைனஸ் ஒண்ணு. சம்பந்தமே இல்லைன்னா பூஜ்யத்துக்குப் பக்கத்துல." வின்னி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "இது மைனஸ் பாயிண்ட் ஒன்பது அஞ்சு."

"மைனஸ்னா மட்டம்தானே?"

"நீ கண்ணைக் கட்டிக்கிட்டு அம்பு எறியறேன்னு வெச்சுக்கோ. குறிப்பலகை எங்க இருக்குன்னு தெரியாது. சில அம்பு அதுல படும், சிலது ஜன்னல்ல படும், சிலது என் குல்லாய்ல படும். ஆனா ஒவ்வொரு தடவையும் பலகைக்கு நேர் எதிர்ச் சுவத்துலயே அடிச்சேன்னா?"

கஸ்  பல்குச்சிக் குவியலைப் பார்த்தான்.

"பலகை எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றான் மெதுவாக.

"ருசி தெரியாதவன் இவ்வளவு ஒழுங்காத் தப்பு பண்ண மாட்டான் கஸ். இவ்வளவு சுத்தமாத் தோக்கறதுக்கு வெர்மான்ட்லயே நல்ல நாக்கு வேணும்."

 எல்ராயின் கைகள் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன.

"அப்ப கலப்படம்னு தெரிஞ்சேதான் உள்ளே விட்டீங்களா?" கஸ் எழுந்துவிட்டான். "அந்தம்மா உங்களுக்கு என்ன பண்ணினாங்க? கூட்டுக் களவாணித்தனம் பண்ணிட்டு, நாக்கு செத்துப்போச்சுன்னு நாடகமா? நான் வேற உங்களுக்கு ஆ காட்டு, ஆ காட்டுன்னு..."

"உக்காரு கஸ்."

"பாஸ்!"

"உக்காருன்னேன். நீ பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கே."

வின்னி நாற்காலியை எல்ராய்க்கு எதிரே இழுத்துப் போட்டாள். அவள் குரல் தணிந்தது.

"போன கூட்டத்துல ஹாலிஸ் உங்ககிட்ட ஒரே கேள்விதான் கேட்டாரு. பாகு எப்படி இருந்துச்சுன்னு. அதுக்கு ரெண்டு பதில்தான் உண்டு, கெட்டது, இல்லைன்னா நல்லது. கெட்டுப்போயிருந்துச்சுன்னு சொல்லியிருந்தா லோர்னா அன்னைக்கே வெளியே. கலப்படத்துக்குத் துணை போனவரா இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பீங்க. 'கலப்படம்தான், அவசரத்துல கவனிக்காம விட்டுட்டேன்'னு ஒரு மன்னிப்பு. வேலை முடிஞ்சது. நீங்க அதைச் சொல்லலை."

எல்ராயின் கை கண்கட்டின் முடிச்சைத் தொட்டது.

"ரெண்டு பதில் இருக்கற கேள்விக்கு மூணாவது பதில் யார் தேடுவாங்க? முதல் பதிலைச் சொல்ல மனசு வராதவங்க. ரெண்டாவதைச் சொல்லப் பயப்படறவங்க. எல்ராய், லோர்னாவோட பாகு உள்ளே வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இல்லையா?"

கஸ் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். நல்ல பாகுதான் உள்ளே வந்தது என்றால், கலப்படம் நடந்தது இங்கே. இந்தக் கட்டடத்துக்குள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் கையால். சேறு ஒட்டாத காலணிகள் அவன் கண்முன் வந்து நின்றன.

எல்ராய் கண்கட்டைத் தானே அவிழ்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நாப்பது வருஷமா இந்த நாக்கை வெச்சுப் பொழைக்கிறேன்மா. லோர்னாவோட பாகைக் கெட்டதுன்னு சொல்ல வாய் வரலை. நல்லதுன்னு சொன்னா என் பொண்ணோட புருஷன் ஜெயிலுக்குப் போவான். நோரீனுக்கு இப்பதான் ஆறாம் மாசம். அதனால நாக்கே இல்லைன்னுட்டேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாதவன்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"கிளிஃபோர்ட் செஞ்சதைப் பார்த்தீங்களா?"

"பின்னாடி கொட்டகையில நீல டிரம்ல சர்க்கரைப் பாகு வெச்சிருக்கான். நான் தரம் போட்டு முடிச்சப்புறம் பாதியை உறிஞ்சி எடுத்துட்டு அதை ஊத்துவான். உறிஞ்சினதை வேற பேர்ல வித்துடுவான். ஒரு ஞாயித்துக்கிழமை கையுறையை மறந்துட்டுத் திரும்பி வந்தப்ப என் கண்ணாலயே பார்த்தேன். கால்ல விழாத குறையாக் கெஞ்சினான். இனிமே பண்ண மாட்டேன் மாமான்னான். அதுக்குள்ள சரக்கு பாஸ்டன் போயிடுச்சு."

கஸ் குவிந்து கிடந்த பல்குச்சிகளை டப்பாவில் திரும்பப் போட்டான்.  

"அந்தம்மாவைக் கூட்டத்துல எல்லாரும் வெளியே தள்ளறப்ப நீங்க அங்க உக்காந்திருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

எல்ராய் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, "போன் எங்கே இருக்கு? முதல்ல நோரீன்கிட்ட சொல்லணும். மூணாம் மனுஷங்க வாயால அவ கேக்கக் கூடாது" என்றார்.

வின்னியும் கஸ்ஸும் வெளியே சரக்கு மேடைக்கு வந்து நின்றார்கள். மலைச்சரிவில் பாகு காய்ச்சும் குடில்களிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் எல்ராயின் குரல் தாழ்ந்து தாழ்ந்து கேட்டது. அப்புறம் வெகுநேரம் எதுவுமே கேட்கவில்லை.

"வர மாட்டாரோ?" என்றான் கஸ்.

"தெரியாது."

"உங்க காமா என்ன சொல்லுது?"

"அது நாக்கைப் பத்திச் சொல்லும். மனசைப் பத்திச் சொல்லாது."

கதவு திறந்தது. எல்ராய் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அழுதா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. லோர்னாகிட்ட இன்னும் சொல்லலையான்னு." அவர் படியில் இறங்கினார். "நடங்க."

*

கிரேன்ஜ் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. காப்பியும் டோனட்டும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள் லோர்னா. அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி.

மேடையில் நின்ற கிளிஃபோர்ட், "...தனியார் துப்பறிவாளரே சோதிச்சு நிரூபிச்சிட்டாங்க. மாமாவுக்கு ருசி கிடையாது. ஆகவே டிரம் வந்தப்பவே கலப்படமா இருந்திருக்கணும்ங்கறதைத் தவிர..." என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கதவைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"வாங்க எல்ராய்" என்றார் தலைவர் ஹாலிஸ் பெக். "மேடைக்கு வந்து சொல்றீங்களா?"

எல்ராய் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய் லோர்னாவின் முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றினார். 

"லோர்னா, எனக்கு ருசி நல்லாவே தெரியும். என்னைக்கும் தெரியும். உன் டிரம் ஒவ்வொண்ணையும் ருசி பார்த்தேன். இந்தப் பருவத்துல இந்தச் சங்கத்துக்குள்ள வந்ததுலயே அதுதான் உசத்தி. கலந்தது நீ இல்லை. இங்கே, எங்க கொட்டகையில வெச்சுக் கலந்தாங்க."

"மாமா!" கிளிஃபோர்டின் குரல் கீச்சிட்டது. "அவருக்கு உடம்பு சரியில்லை. என்ன பேசறோம்னு தெரியாமப் பேசறாரு. நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு! இப்படிப்பட்டவர் பேச்சை எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம்" என்றாள் வின்னி. "கொட்டகையைத் திறந்து பாருங்க. நீல டிரம் இருக்கும். மேப்பிள் சங்கத்துக்கு வெள்ளைச் சர்க்கரைப் பாகு எதுக்குன்னு அப்புறம் யோசிக்கலாம்."

ஹாலிஸ் கையை நீட்டினார். "சாவி, கிளிஃபோர்ட்."

கிளிஃபோர்ட் சட்டைப் பையைத் தொட்டான். எடுக்கவில்லை. அந்தத் தயக்கத்தைக் கூடம் முழுக்கப் பார்த்தது. முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்து அவனுக்கு இரண்டு பக்கமும் போய் நின்ற பிறகுதான் சாவிக்கொத்து மேசைமேல் விழுந்தது.

எல்ராய் இன்னும் லோர்னாவின் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் என் டிரம் எல்ராய்?" என்றாள் அவள். அவ்வளவு நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இத்தனை பேர் சரக்கு இருக்கு. நான் அவனுக்கு என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை." கிழவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். "மத்தவங்க பாகுல பாதி சர்க்கரை ஊத்தினா உடனே தெரிஞ்சிடும், லோர்னா. உன்னுதுல ஊத்தினாலும் மேப்பிள் மணம் நிக்கும். அதான்."

லோர்னா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மன்னிப்பதாகச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிய கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, பக்கத்துக் காலி நாற்காலியைக் காலால் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாள்.

"உக்காரு எல்ராய். ஓட்டு எடுக்கப் போறாங்க."